ஃபியோர்டு நாட்டில் மே மாதம்: உயரத்தை வைத்துப் போடும் பயணத் திட்டம்

மே 20 வாக்கில் ஹர்டாங்கர் ஃபியோர்டின் (செங்குத்தான மலைகளுக்கு நடுவே உள்நாட்டுக்குள் நீளும் ஒடுங்கிய கடல்) கரையிலுள்ள லோஃப்தூஸ் ஊரில் ஆப்பிள் மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும். அதே நாளில் ஔர்லான்டுக்கும் லேர்டாலுக்கும் இடையிலுள்ள மலைச்சாலையில் ஆளுயரப் பனி கிடக்கும். சாலையின் குறுக்கே இரும்புத் தடுப்பு பூட்டியிருக்கும். மேற்கு நார்வேயின் வசந்தம் இப்படித்தான். கீழே ஒரு பருவம், மேலே வேறொரு பருவம். இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரக் கார் ஏற்றம்.

அங்கே திட்டம் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதை மறப்பதுதான். வரைபடத்தில் 47 கிலோமீட்டர் என்று கண்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று அறை பதிவு செய்துவிடுவார்கள். இணையத்தில் கிடைக்கும் படங்களோ ஜூலையில் எடுத்தவை. மே முதல் வாரத்தில் அந்தச் சாலை வரைபடத்தில் மட்டும்தான் இருக்கும்.

அதனால் முதல் வேலையாக, போக நினைக்கும் ஒவ்வொரு சாலைக்கும் பக்கத்தில் அதன் உச்ச உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் ஏறினால் சராசரியாக 0.65 டிகிரி குளிரும். ஃபியோர்டுக் கரையில் 12 டிகிரி என்றால் 1,300 மீட்டரில் 4 டிகிரிக்குள். இரவில் அது பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். பகலில் உருகிச் சாலையில் ஓடும் நீர் இரவில் கண்ணாடிபோல் உறையும். புதிதாகத் திறந்த மலைச்சாலைகளை முதல் சில நாட்களோ வாரங்களோ பகலில் மட்டும் விட்டு, இரவில் மூடிவைப்பது இதனால்தான். மாலை ஏழு மணிக்குக் கிளம்பி மலையைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டவர் தடுப்பின் முன்னால் நிற்க வேண்டிவரும்.

எது எப்போது திறக்கும்

சாலைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

கரையோரச் சாலைகளும் பெரிய சுரங்கப் பாதைகளும் ஆண்டு முழுவதும் திறந்திருப்பவை. பெர்கனிலிருந்து வோஸ், குட்வாங்கன், ஃப்ளோம், லேர்டால் வழியாகக் கிழக்கே போகும் ஈ16 நெடுஞ்சாலை இந்த வகை. ஒஸ்லோவிலிருந்து வருபவர்களுக்கு மலையைத் தாண்ட மிகவும் நம்பத்தக்க வழியும் இதுவே.

குளிர்காலத்திலும் திறந்திருக்கும், ஆனால் காற்றும் பனியும் கூடினால் மூடப்படும் சாலைகள் அடுத்த வகை. ஹர்டாங்கர்விட்டா பீடபூமியின் மேல் 1,250 மீட்டர் வரை ஏறும் 7ஆம் எண் சாலை, ஹௌகெலி மலை வழியாகப் போகும் ஈ134, வோஸுக்கும் விக்குக்கும் இடையே 986 மீட்டர் ஏறும் வீக்கஃபியெல் சாலை ஆகியவை இதில் சேரும். ஏப்ரலில் இங்கெல்லாம் 'கொலொன்னெ' என்ற முறை நடப்பதுண்டு. தடுப்பருகே வண்டிகளை நிறுத்திச் சேர்த்துக்கொண்டு, பனி அள்ளும் வண்டி முன்னே போக, மற்றவை வரிசையாகப் பின்தொடர வேண்டும். வரிசையில் சேரும்போது எரிபொருளோ மின்னூட்டமோ தாராளமாக இருக்க வேண்டும். தடித்த உடையும் தண்ணீரும் டிக்கியில் போட்டுப் பூட்டாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். முன்னே போகும் வண்டியின் சிவப்பு விளக்கு கண்ணில் படும் தொலைவிலேயே போக வேண்டும். நடுவில் நிற்க நேர்ந்தால் காரை விட்டு இறங்கக் கூடாது. பனி சுழன்றடிக்கும் வெள்ளைக் காற்றில் பத்தடி நடந்தவர் திரும்பி வரக் காரைக் காணாமல் திணறியதுண்டு.

குளிர்காலம் முழுக்க மூடிக் கிடக்கும் சாலைகள் மூன்றாவது வகை. ஆசை காட்டி ஏமாற்றுபவை இவைதான். 1,434 மீட்டர் உயரமுள்ள சோக்னஃபியெல் சாலை பெரும்பாலும் மே தொடக்கத்தில் திறக்கும். கெய்ராங்கருக்குத் தெற்கேயிருந்து இறங்கும் சாலையும் பதினொரு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட த்ரோல்ஸ்டிகெனும் மே பிற்பகுதியிலோ ஜூனிலோ திறக்கும். 'பனிச்சாலை' என்றே பெயர் பெற்ற, 1,306 மீட்டர் ஏறும் ஔர்லான்ட் மலைச்சாலை ஜூன் தொடக்கத்தை ஒட்டித்தான் திறக்கும். இந்தத் தேதிகள் அந்த ஆண்டுப் பனியைப் பொறுத்து வாரக்கணக்கில் நகரும். திறந்துவிட்டது என்பதால் திறந்தே இருக்கும் என்றும் நம்ப முடியாது. 2024 கோடையில் பாறை விழுந்து த்ரோல்ஸ்டிகெனைச் சீசனுக்கு நடுவிலேயே மூடினார்கள்.

எனவே மே மாதத் திட்டத்தின் முதுகெலும்பு முதல் வகைச் சாலைகளில் அமையட்டும். மூன்றாவது வகையில் ஏதாவது திறந்திருந்தால் அது போனஸ். த்ரோல்ஸ்டிகெனையும் கெய்ராங்கரையும் பார்த்தே தீர வேண்டும் என்றால், மே மாதத்தோடு மல்லுக்கட்டாமல் ஜூன் நடுவில் போவதுதான் சரி.

எந்த வாரம்

பூவா, அருவியா, மலைச்சாலையா? மூன்றும் ஒரே வாரத்தில் உச்சத்தில் இருப்பதில்லை.

ஹர்டாங்கர் பழத் தோட்டங்கள் பூப்பது வழக்கமாக மே நடுவிலிருந்து மாதக் கடைசி வரை. செர்ரியும் பிளம்ஸும் முந்திக்கொள்ளும், பேரி தொடரும், ஆப்பிள் கடைசி. வடக்கே 60 டிகிரி அட்சரேகையில் ஆப்பிள் விளைவது புதிராகத் தோன்றும். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம், பகல் வெப்பத்தைச் சேர்த்து வைத்து இரவில் மெல்ல விடும் ஆழமான ஃபியோர்டு, காற்றைத் தடுக்கும் மலைகள், நீண்ட பகல் ஆகிய நான்கும் சேர்ந்துதான் அதைச் சாத்தியமாக்குகின்றன. கரையிலிருந்து மேலே போகப் போகப் பூப்பது தள்ளிப்போகும். கீழ்த் தோட்டத்தில் பூ உதிர்ந்துவிட்டால் மேல் தோட்டங்களைப் பாருங்கள்.

அருவிகளின் காலம் மே கடைசியும் ஜூன் முதல் பாதியும். மேலே பனி வேகமாக உருகும்போதுதான் அவை முழு உருவில் விழும். ஒட்டாவுக்குத் தெற்கே 15 கிலோமீட்டரில் உள்ள இரட்டை அருவியான லோட்டெஃபொஸ் நேராகச் சாலைப் பாலத்தின் மீதே சாரலைத் தெளிக்கும். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடக்க வேண்டும். 182 மீட்டர் வீழ்ச்சி கொண்ட வோரிங்ஸ்ஃபொஸ்ஸெனின் கதை வேறு. அதன் நீர் மின் உற்பத்திக்காகக் கட்டுப்படுத்தப்படுகிறது. நொடிக்குக் குறைந்தது 12 கன மீட்டர் விட வேண்டும் என்ற விதி ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரைக்குத்தான். மே தொடக்கத்தில் போனால் படத்தில் பார்த்த அருவி இதுதானா என்று சந்தேகம் வரலாம். மாதக் கடைசியில் உருகுநீரின் புண்ணியத்தில் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது.

மழையை நினைத்து மே மாதத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பெர்கனில் ஆண்டில் 200 நாளுக்கு மேல் மழை உண்டு என்றாலும், ஏப்ரலும் மேயும்தான் அங்கே மழை குறைந்த மாதங்கள். பகலும் நீளம், மே நடுவில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆனால் ஒடுங்கிய ஃபியோர்டுகளின் அடியில் வெளிச்சம் வேறு, வெயில் வேறு. 250 மீட்டர் வரை குறுகும் நேரோய் ஃபியோர்டில் வெயில் விழுந்த படம் வேண்டுமானால் நண்பகலை ஒட்டிப் போக வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் மே 18 முதல் 28 வரையிலான பத்து நாட்கள்தான் என் தேர்வு. பூ உறுதி, அருவி பாதிக்கு மேல் உறுதி, உயரச் சாலைகள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தவை.

விடுமுறை நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். மே 1, அரசியலமைப்பு நாளான மே 17, விண்ணேற்ற வியாழன், பெந்தகொஸ்தே திங்கள் எல்லாம் பொது விடுமுறை. கடைசி இரண்டும் ஈஸ்டரைப் பொறுத்து நகர்பவை. 2027இல் பெந்தகொஸ்தே திங்கள் மே 17 அன்றே வருகிறது. மே 17 காலையில் ஊர் ஊராகக் குழந்தைகளின் ஊர்வலம் நடக்கும், ஊரே பாரம்பரிய உடையில் தெருவுக்கு வந்துவிடும். பார்க்க அருமையான நாள், பயணம் செய்ய மோசமான நாள். ஊர் நடுவே சாலை மறிக்கப்படும், கடை இருக்காது, கார்களையும் ஏற்றிச் செல்லும் ஃபெர்ரிப் படகுகள் விடுமுறை அட்டவணைப்படி ஓடும். அன்று ஓரிடத்தில் தங்கி, ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் கிளம்புவதே மேல்.

மூடிய கணவாய் எதையும் நம்பாத ஒரு சுற்று

பெர்கனில் தொடங்கி பெர்கனில் முடியும் எட்டு நாள் சுற்று இது. மொத்தமாகப் பார்த்தால் தூரம் குறைவாகத் தோன்றும், வேண்டுமென்றேதான். ஃபியோர்டுச் சாலையில் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டாது. நின்று பார்ப்பதற்கும் ஃபெர்ரிக்குக் காத்திருப்பதற்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வைத்தால், பார்க்க வந்த இடங்களைக் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

முதல் நாள் பெர்கனிலிருந்து நூர்ஹெய்ம்சுன்ட். வழியில் குவாம்ஸ்கோகென் சுமார் 400 மீட்டர் உயரம். ஏப்ரலில் அங்கேயே பனி இருக்கும். அதையடுத்துத் தோக்காகெலெ பள்ளத்தாக்கில் ஒடுக்கமான சிறு சுரங்கங்கள். ஊர் எல்லையில் ஸ்டெய்ன்ஸ்டால்ஸ்ஃபொஸ்ஸென் அருவியின் பின்புறமாகவே நடந்து போகலாம், மழைக்கோட்டு போதும். பிறகு குவான்டாலில் ஃபெர்ரி ஏறி உட்னெ, கின்சர்விக். அங்கிருந்து லோஃப்தூஸ் கூப்பிடு தூரம். அங்கே இரண்டு இரவு தங்குங்கள்.

இரண்டாம் நாள் 13ஆம் எண் சாலையில் ஒட்டா, லோட்டெஃபொஸ் போய்த் திரும்பலாம். மொத்தம் நூறு கிலோமீட்டர் அளவு. இந்தச் சாலை முழுக்கத் தோட்டங்களின் நடுவே போகிறது, பல இடங்களில் இரண்டு கார்கள் உரசாமல் கடக்கவே சிரமம். பூவைப் பார்த்ததும் சாலையிலேயே பிரேக் போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. பின்னால் பேருந்து வந்துகொண்டிருக்கும். ஒதுங்குமிடத்தில் நிறுத்தி நடந்து வந்து படம் எடுங்கள். தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்க வேண்டாம். காட்டிலும் மலையிலும் யாரும் நடக்கலாம், கூடாரம் போடலாம் என்ற நார்வேயின் உரிமை பயிரிட்ட நிலத்துக்குப் பொருந்தாது. கூடாரம் போடுவதானாலும் வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி, ஓரிடத்தில் இரண்டு இரவுக்கு மிகாமல். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் அதன் அருகிலும் தீ மூட்டத் தடை உண்டு.

ஒட்டா வரை போகிறோமே, த்ரோல்துங்கா பாறை நாக்கையும் பார்த்துவிடலாமே என்று தோன்றும். மே மாதத்தில் அதைத் தனியாகச் செய்ய வேண்டாம். வழிகாட்டி இல்லாமல் போகலாம் என்று சொல்லப்படும் காலம் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை. ஷெக்கெடாலிலிருந்து போய்வர 27 கிலோமீட்டர். வசந்தத்தில் மேலே இடுப்பளவு இளகிய பனியும், அதற்கடியில் கண்ணுக்குத் தெரியாத ஓடைகளும் இருக்கும்.

மூன்றாம் நாள் எய்ட்ஃபியோர்டு, அங்கிருந்து ஏறி வோரிங்ஸ்ஃபொஸ்ஸென். 2020இல் திறந்த 99 படிகள் கொண்ட பாலம் அருவியின் மேல் விளிம்பைக் கடக்கிறது. மேலே பாதை ஈரமாகவோ உறைந்தோ இருக்கும், தடுப்புக் கம்பிக்கு வெளியே போக வேண்டாம். திரும்பும்போது ஹர்டாங்கர் பாலம். 1,310 மீட்டர் நடு இடைவெளி கொண்ட இந்தத் தொங்குபாலத்தின் இரு முனைகளும் மலைக்குள் இருக்கும் சுரங்கங்களில் போய்ச் சேர்கின்றன, அந்தச் சுரங்கங்களுக்குள் ஆளுக்கொரு ரவுண்டானா! மலைக்கடியில் ஜிபிஎஸ் கைவிட்டுவிடும். தென்முனையில் எய்ட்ஃபியோர்டா கின்சர்விக்கா, வடமுனையில் வோஸா ஊல்விக்கா என்று முன்பே மனத்தில் வைத்துக்கொண்டு பலகையைப் பாருங்கள். தவறவிட்டால் பதறாமல் ரவுண்டானாவை இன்னொரு சுற்று சுற்றினால் போதும். இரவு ஊல்விக்கில். ஆப்பிள் சைடருக்குப் பேர்போன ஊர். ஆனால் ஓட்டுபவருக்கு இரத்த ஆல்கஹால் வரம்பு ஆயிரத்துக்கு 0.2 என்பதால், சுவைபார்ப்பது காரை நிறுத்திவிட்டு இரவில்தான். மறுநாள் காலையும் அது உடம்பில் மிச்சமிருக்கலாம்.

நான்காம் நாள் வோஸ் வழியாகக் குட்வாங்கன், 11.4 கிலோமீட்டர் சுரங்கம் தாண்டி ஃப்ளோம், ஔர்லான்ட். ஐந்தாம் நாள் காரை ஃப்ளோமில் விட்டுவிட்டுப் படகில் ஔர்லான்ட் ஃபியோர்டும் நேரோய் ஃபியோர்டும் பார்த்தபடி குட்வாங்கன் போக இரண்டு மணி நேரம். திரும்பப் பேருந்தில் இருபது நிமிடம். நேரோய் ஃபியோர்டு 2005 முதல் உலகப் பாரம்பரியக் களம். மே மாதத்திலேயே ஃப்ளோமில் பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். கப்பல் நிற்கும் நாளில் காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல்தான் அந்த ஊர் ஊராக இருக்கும். துறைமுகத்தின் கப்பல் வருகைப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

ஔர்லான்டிலிருந்து 650 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்டெகஸ்டெய்ன் காட்சிமேடை வரை சாலை ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். அதற்கு மேல்தான் பூட்டு. பனிச்சாலை திறக்காத ஏமாற்றத்தில் இந்த முதல் பகுதியையும் பலர் தவறவிட்டுவிடுகிறார்கள். குறுகிய வளைவுகள் என்பதால் காலை எட்டு மணிக்குப் போனால் எதிரே பேருந்து இராது.

ஆறாம் நாள் 24.5 கிலோமீட்டர் லேர்டால் சுரங்கம். 2000இல் திறந்தது, உலகின் மிக நீளமான சாலைச் சுரங்கம். ஓட்டுபவர் சலித்துத் தூங்கிவிடாமலிருக்க ஏறத்தாழ ஆறு கிலோமீட்டருக்கு ஒன்றாக மூன்று இடங்களில் குகைபோல் அகலமாக்கி நீல விளக்கு போட்டிருக்கிறார்கள். பிறகு ஃபோட்னெஸ்-மான்ஹெல்லர் ஃபெர்ரி, சோக்ன்டால், கரையோரச் சிற்றூரான சோல்வோர்ன். ஏழாம் நாள் ஹெல்லாவிலிருந்து வாங்ஸ்னெஸுக்கு ஃபெர்ரி, விக்கில் பழைய மரத் தேவாலயம், வீக்கஃபியெல் ஏறி வோஸ். இந்தச் சுற்றில் வானிலையை நம்பியிருக்கும் இடம் இந்த ஒரு மலைதான். அது மூடினால் வந்த வழியே லேர்டால் சுரங்கம் வழியாகத் திரும்பலாம். அரை நாள் போகும், பயணம் கெடாது.

சரிவுகள்

வசந்தத்தில் பாறை ஏன் விழுகிறது? பகலில் உருகும் நீர் வெடிப்புகளில் இறங்குகிறது, இரவில் உறைந்து விரிகிறது, பாறையை ஆப்பு வைத்ததுபோல் பிளக்கிறது. பல இரவுகள் இது நடந்தபின் ஒரு மழைநாளில் பாறை கீழே வரும். ஈரப் பனிச்சரிவும் இப்படித்தான்; காலையில் இறுகியிருக்கும் சரிவு பிற்பகல் வெயிலில் இளகிக் கீழிறங்கும். பனிச்சரிவுப் பாதை என்று பலகை வைத்த இடத்தில் காரை நிறுத்திக் காபி குடிக்காதீர்கள். காட்சி அழகாக இருப்பதே அங்கே மரங்களைப் பனி வழித்துக்கொண்டு போய்விட்டதால்தான். பெர்கன்-வோஸ் இடையிலான ஈ16 இப்படிச் சரிவுகளால் அடிக்கடி மூடப்படுவதற்குப் பெயர்பெற்றது.

தினமும் காலையில் மூன்றைப் பாருங்கள்: வானிலைக்கு 'யர்', பனிச்சரிவு வெள்ள எச்சரிக்கைக்கு 'வர்சோம்', சாலை நிலைக்கு நார்வே சாலைத் துறையின் போக்குவரத்து வரைபடம். யரில் ஊரின் பெயரைப் போட்டுப் பார்ப்பதோடு நிற்காமல் தாண்டப்போகும் கணவாயின் பெயரையும் போட வேண்டும். 'ஸ்டெங்ட்' என்றால் மூடியது, 'ராஸ்' என்றால் சரிவு. கூகுள் காட்டும் வழிக்கும் சாலைத் துறை சொல்வதற்கும் முரண்பாடு வந்தால் சாலைத் துறையை நம்புங்கள்.

காரும் டயரும்

தென் நார்வேயில் ஆணி பதித்த டயர்களை ஈஸ்டர் திங்களை அடுத்த முதல் ஞாயிறோடு கழற்ற வேண்டும். அதனால் ஏப்ரல் பிற்பகுதியில் வாடகை கார்கள் கோடை டயருக்கு மாறிவிடும். மலையோ மாறியிருக்காது. போதிய பிடிப்பு இல்லாத டயரில் ஓட்டக் கூடாது என்பது எந்தத் தேதிக்கும் பொருந்தும் சட்டம், பொறுப்பு ஓட்டுநருடையது. மே 10க்கு முன் போவதானால் ஆணியில்லாத குளிர்கால டயர் கேட்டு எழுத்தில் உறுதி வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் ஆயிரம் மீட்டர் சாலைகளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

குளிர்காலம் முழுக்க வழுக்காமலிருக்கத் தூவிய சரளைக்கல் வசந்தத்தில் சாலையிலேயே கிடக்கும். முன்னே போகும் லாரியின் சக்கரம் அதை எடுத்து உங்கள் கண்ணாடியில் அடிக்கும். வாடகைக் காப்பீட்டில் கண்ணாடியும் டயரும் பல நேரம் சேராது; அதைக் கேட்டு, தேவையானால் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். காரை வாங்கும்போதே கண்ணாடியில் உள்ள சிறு பொட்டுகளைக்கூடப் படம் எடுத்துவையுங்கள்.

மின்சாரக் கார் கிடைத்தால் தயங்க வேண்டாம், நார்வேயில் விற்கும் புதுக் கார்களில் பத்தில் ஒன்பது அதுதான். ஆனால் ஏற்றத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. இரண்டு டன் எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் ஏறினால், தூரத்துக்கான செலவு போக, ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 6 யூனிட் போகும். இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும், பேட்டரியில் இடமிருந்தால். மலை உச்சி விடுதியில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால் மீட்பு பிரேக்கிங் வேலை செய்யாது. சாதாரண பிரேக்கையே நம்ப வேண்டிவரும். 85 சதவீதத்தில் நிறுத்துங்கள். பெட்ரோல் காரில் இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சின் பிடிப்பில் இறங்குங்கள். காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் பாதி வழியில் கருகல் வாசம் வரும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ இங்கிலாந்திலோ ஓட்டிப் பழகியவர்களுக்கு வலப்பக்கம் ஓட்டுவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். பழகாதது, பலகை ஏதும் இல்லாத சந்திப்பில் வலமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதி. குடியிருப்புச் சந்துகளில் சின்னத் தெருவிலிருந்து வருபவர்கூட நிற்காமல் வருவார், உரிமை அவருடையது. பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ஊருக்குள் 50, வெளியே 80 என்பது பொது வரம்பு. சில சுரங்கங்களில் இரண்டு கேமராக்களுக்கு நடுவே சராசரி வேகம் பார்க்கிறார்கள் என்பதால் கேமராவின் முன் மட்டும் பிரேக் போடும் தந்திரம் செல்லாது.

ஒற்றைத் தடச் சாலைகளில் நீலப் பலகையில் வெள்ளை 'எம்' எழுத்து இருந்தால் அது ஒதுங்குமிடம். யாருக்கு அது பக்கமோ அவர் பின்வாங்குவார். எதிரே பேருந்தோ கேரவனோ வந்தால் நீங்களே பின்வாங்குங்கள். அதனால் கிளம்பும் முன்பே ரிவர்ஸில் ஐம்பது மீட்டர் நேராகப் போகத் தெரிந்திருக்க வேண்டும்.

சுரங்கத்துக்குள் நுழையும் முன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். குளிர்ந்த கார் ஈரமான சுரங்கத்துக்குள் போனதும் முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் பனிபடரும். உள்ளே எவ்வளவு சூடு வைத்தாலும் போகாது, வைப்பரைப் போடுங்கள். உள்ளே கார் நின்றுவிட்டால் கைபேசியை விட்டுவிட்டுச் சுவரிலுள்ள அவசரத் தொலைபேசியை எடுங்கள். நீங்கள் இருக்கும் இடம் அதிலிருந்தே கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரியும். வாயிலில் சிவப்பு விளக்கு மின்னினால் உள்ளே போகக் கூடாது. தீயணைப்பு 110, காவல் 112, ஆம்புலன்ஸ் 113.

ஃபெர்ரி, கடை, அடுப்பு

சாதாரண ஃபெர்ரிகளுக்கு முன்பதிவு தேவையில்லை. கரையில் போட்ட கோட்டில் வரிசையாக நின்று, கைகாட்டியதும் ஏறி, கைபிரேக் போட்டு எஞ்சினை அணைக்க வேண்டும். கட்டணம் பெரும்பாலும் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து வசூலிக்கப்படுகிறது. சுங்கமும் அப்படியே. வாடகை காரானால் பில் வாரங்கள் கழித்து, சேவைக் கட்டணத்தோடு உங்கள் அட்டைக்கு வரும். அதற்கொரு தொகையை ஒதுக்கி வையுங்கள், ஊர் திரும்பியபின் அதிர வேண்டாம். அட்டவணையில் பார்க்க வேண்டியது கடைசி ஃபெர்ரியின் நேரம். ஞாயிறும் விடுமுறையும் குறைவாகவே ஓடும், சுற்றுலாவுக்கான கார் ஃபெர்ரிகளில் சில கோடையில்தான் தொடங்கும். காத்திருந்து ஏறியதற்குப் பரிசாக மேல்தளத்தில் 'ஸ்வெலெ' என்ற தடித்த பான்கேக் கிடைத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள்.

தங்குவதற்கு முகாம் தளங்களிலுள்ள மரக் குடில்கள்தான் சிக்கனம். சில தளங்கள் மே நடுவில்தான் திறக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கை விரிப்பும் உறையும் பல இடங்களில் நீங்களே கொண்டுவர வேண்டும், கிளம்பும்போது கூட்டித் துடைத்துவிட்டுப் போக வேண்டும்; இல்லையென்றால் இரண்டுக்கும் தனிக் கட்டணம். சமையலறை உண்டு. ஒஸ்லோவிலோ பெர்கனிலோ உறவினர் இருந்தால் அரிசி, பருப்பு, பொடிகளை அங்கேயே கட்டிக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தச் சிறு குடிலில் கடுகு, மிளகாய் தாளித்தால் புகை எச்சரிக்கைக் கருவி ஊரைக் கூட்டிவிடும். சன்னலைத் திறந்து, மூடி போட்டு, மெல்லிய தீயில் தாளியுங்கள். கருவியைக் கழற்றி வைக்க வேண்டாம், மரக் குடில் அது.

பெரிய மளிகைக் கடைகள் ஞாயிறும் பொது விடுமுறையும் மூடியிருக்கும். சனிக்கிழமை மதியத்துக்குள் இரண்டு நாளுக்கு வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் எங்கும் குடிக்கலாம், புட்டி வாங்குவது வீண்செலவு. உடைக்கு ஒரே விதி: உள்ளே கம்பளி, நடுவே கதகதப்பு, வெளியே மழைக்கோட்டு. பருத்தி நனைந்தால் உலராது.

விமானத்துக்கு முந்தைய இரவை மட்டும் மலைக்கு அப்பால் வைக்காதீர்கள். வோஸ் பெர்கனுக்குப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும், ஒன்றரை மணி நேரம்தானே என்று இருக்கும். ஈ16இல் பாறை விழுந்தால் நூர்ஹெய்ம்சுன்ட் வழியாகச் சுற்றி வர வேண்டும், எல்லோரும் அதே ஒடுங்கிய சாலைக்குத்தான் வருவார்கள். எட்டாம் நாள் மதியமே பெர்கனுக்குள் வந்துவிட்டு, காரை மறுநாள் விமான நிலையத்தில் ஒப்படையுங்கள்.